குமிழில் ஒரு மயிரிழை

தெர்மாமீட்டர் சமாச்சாரத்தைப் பற்றிக் கினுயோ இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கணவர் ஷிகேமாசாவுக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது. தெர்மாமீட்டரை அக்குளில் செருகிக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்தார். அது பீப் பீப் என்று கத்தி ஓய்ந்தது. அவர் நகரவில்லை. "இது ரொம்ப நேரம் எடுக்குது, பேட்டரி போச்சுபோல" என்று தாளைப் புரட்டினார். அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த கினுயோவுக்கே அந்தச் சத்தம் கேட்டது. சொந்த அக்குளில் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

வேறு வீடாக இருந்தால் வயசாகிவிட்டது என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இது குராமிட்சு வீடு. ஒசாகாவில் நிப்பொன்பாஷி கடைத்தெருவின் பின்சந்து. கீழே ஹெட்போன் கடை, அதன் முதுகில் பட்டறை, மாடியில் குடித்தனம். மூன்றும் நிற்பது ஷிகேமாசாவின் இரண்டு காதுகளை நம்பித்தான். எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் கடைசியில் அவர் மாட்டிக் கேட்டு, "ம்" என்று சொன்னால்தான் ஒரு ஹெட்போன் பட்டறையை விட்டு வெளியே போகும்.

அந்த "ம்" இப்போது வழக்காடு மன்றத்துக்கு வந்திருந்தது. வழக்குப் போட்டவள் அவர் பெற்ற மகள்.

மிவாகோவுக்கு முப்பத்தொன்று. பெரிய கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவோடு பட்டறையில் உட்காருகிறேன் என்று வந்தவள். வந்த நாளிலிருந்து சண்டைதான். குராமிட்சு ஹெட்போன் கேட்க அருமை, மாட்டிக்கொள்ளத் தண்டனை என்பது அவள் கட்சி. இந்த வருஷம் பட்டறையின் உயர்ரக ஹெட்போனுக்கு அப்பா ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார், கறுப்பு. மகள் தன் பங்குக்கு ஒன்று செய்து வைத்திருந்தாள், சாம்பல் நிறம், எடை குறைவு. விற்பனைக்கு அச்சு வார்க்க ஒன்றுக்குத்தான் பண வசதி.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் ஷிகேமாசா வாயை விட்டார். "பொதுவான ஆளுங்க கேட்டுச் சொல்லட்டும். எது ஜெயிக்குதோ அவங்க காதுதான் இனிமே பட்டறையில. தோத்தவங்க காதை மூட்டை கட்டிடணும்."

"அப்ப நான் தோத்தா நகோயா போறேன்" என்றாள் மிவாகோ. நகோயாவில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"போ. நகோயாவுல நல்ல கோழி கிடைக்கும்."

இரண்டும் ஒரே மண்ணில் செய்த பானை. கினுயோ நடுவில் சோறு பரிமாறினாள். அந்தப் பந்தயம்தான் இந்தச் சனிக்கிழமை. நகோயாக்காரர்களுக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

காலையிலேயே கடைக்கதவில் "இன்று விடுமுறை" பலகை தொங்கியது. உள்ளே மிவாகோ, அம்மாவின் பழைய காலுறை ஒன்றை வெட்டி நீளமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு யென் காசுகளாகக் கொட்டினாள். ஒரு காசு சரியாக ஒரு கிராம். மின் தராசு வராத காலத்திலிருந்து இந்தப் பட்டறையில் எடைக்கல் அதுதான்.

பிரச்சினை இதுதான். கண்ணைக் கட்டிவிட்டால் மட்டும் ஹெட்போனை ஒப்பிட்டுவிட முடியாது. தலையில் வைத்த உடனே கனமாக இருப்பது அப்பாவுடையது, லேசாக இருப்பது மகளுடையது என்று கழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். சுகமாக இருந்தால் சத்தமும் நன்றாக இருப்பதாகவே மனசு சொல்லும். அதனால் முதல் சுற்றில் சத்தம் மட்டும். சாம்பல் நிறத்தின் தலைப்பட்டையில் காசு மூட்டையைக் கட்டி, கறுப்பின் எடைக்குக் கொண்டுவந்துவிடுவது. சுகம் பிற்பாடு.

"உன் குழந்தைக்கு நீயே கல்லைக் கட்டுற" என்றார் ஷிகேமாசா, தேநீரை உறிஞ்சிக்கொண்டு.

"கல்லைக் கட்டியும் ஜெயிச்சா உங்களுக்கு அப்பீலே இல்லாம போயிடும்ல."

"வாய் மட்டும் என்னைப் போல. காது யாரைப் போலன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"அம்மா காதுன்னா?"

"உங்கம்மாவுக்குத் தள்ளுபடி விலை அறிவிப்பு ஒண்ணுதான் தூரத்துலேர்ந்து கேக்கும்."

கினுயோ ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்கார்ந்து, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை எப்போதும் அவளுடையது. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை அதிகமாக இருந்தாலும் கேட்கிறவர் அதைத்தான் நல்லது என்பார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அதனால் மீட்டரை வைத்துச் சரிபார்த்து, இடது குமிழிலும் வலது குமிழிலும் பென்சிலால் கோடு போட்டு, மேலே ஒரு கைக்குட்டையை விரித்து மூடிவிடுவாள். இடது கறுப்புக்கு, வலது சாம்பலுக்கு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கோட்டை அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. கடையில் யார் காதை நம்பாவிட்டாலும் கினுயோவின் கையை நம்புவார்கள்.

அப்பாவும் மகளும் காசு எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்கள். கினுயோ கைக்குட்டைக்கு அடியில் விரல்களை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

வசந்த காலத்தில் கறுப்பை முதன்முதலாக அவளிடம் மாட்டக் கொடுத்தார். பாட்டில் பெண் குரல் வந்தபோது 'ஸ்' வரும் இடமெல்லாம் ஊசியாய்க் குத்தியது. "முடி கலையுது" என்று சாக்குச் சொல்லிக் கழற்றிவிட்டாள். அப்போது தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். தெர்மாமீட்டருக்குப் பிறகு அது விளங்கியது. அவருக்குக் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கேட்பது தேய்ந்துவிட்டது. தேய்ந்தது தெரியாமல், தன் காதுக்கு எட்டும் வரை அவற்றை ஏற்றி வைத்திருக்கிறார்.

சமமாக வைத்தால் அவர் தோற்பார். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவர் ஜெயித்தால் மிவாகோ நகோயா போவாள். புல்லட் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. புத்தாண்டுக்கு வருவாள், நடுவிலும் வருவாள். அவர் தோற்றால் எங்கே போவார்? பட்டறையைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு இடம் கிடையாது. மகளை விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் கினுயோ கணக்குப் போட்டாள். இடது குமிழைப் பென்சில் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே தள்ளினாள்.

பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முரனாகா, டாக்ஸி ஓட்டுபவர். சம்பாத்தியத்தில் பாதியை ஹெட்போனுக்குத் தாரை வார்ப்பவர் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இன்னொருவர் யுசா டீச்சர், பள்ளிக்கூட இசைக்குழுவை நடத்துபவர். முரனாகா கையில் சுடச்சுட தாகோயாகி பொட்டலம்.

"ஆக்டோபஸ் உருண்டை. ஆறினா வீணாப் போயிடும், ஒரு வாய் போட்டுட்டு ஆரம்பிக்கலாமே."

"வாயில எதுவும் கூடாது" என்றார் ஷிகேமாசா. "தாடை அசைஞ்சா காது மெத்தை நகரும். மெத்தை நகர்ந்தா கனத்த கீழ்ச்சத்தம் ஓடிப்போகும். கண்ணாடியையும் கழட்டுங்க."

"கழட்டினா உங்க முகம் தெரியாது."

"அது நல்லதுக்குத்தான் முரனாகா சான்" என்றாள் மிவாகோ.

கினுயோ ஈரத்தாளால் காது மெத்தைகளைத் துடைத்தாள். முரனாகாவின் கண்ணைத் தூங்கும்போது கட்டும் கண்பட்டையால் மூடினாள். "கையால தொடாதீங்க. நானே மாட்டுவேன், நானே கழட்டுவேன். முதல்ல மாட்டுறது ஒண்ணு, அடுத்தது ரெண்டு." ஷிகேமாசா எப்போதும் போடும் பழைய ஜாஸ் பதிவுதான் ஓடியது. ஒரு பெண் குரல், ஒரு பியானோ, பின்னால் தாளத்தட்டை ஒருவர் குச்சியால் வருடிக்கொண்டே இருப்பார்.

முதலில் சாம்பல். முரனாகா தலையை லேசாக ஆட்டினார். வாய் தானாகச் சிரித்தது.

அடுத்தது கறுப்பு. கினுயோ மாட்டிவிட்டுப் பின்னால் நின்றாள். முரனாகாவின் நெற்றி மெல்லச் சுருங்கியது. தோள் இரண்டும் ஏறின. பாட்டு முடிவதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

"ரெண்டாவது குத்துதுங்க. தாளத்தட்டை என் காதுக்குள்ளயே வெச்சு அடிக்கிற மாதிரி இருக்கு."

கினுயோ கறுப்பைச் சட்டென்று கழற்றினாள். சத்தம் கூடினால் நல்லதாகத் தெரியும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. குத்துகிற ஒலியைக் கூட்டினால் கூடக் குத்தும் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்து அவளே ஊசியைக் கூராக்கிக் கொடுத்திருந்தாள்.

இறக்கிவிடலாம் என்று கைக்குட்டைப் பக்கம் போவதற்குள் யுசா டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மிவாகோவும் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். கினுயோ டீச்சருக்கு வரிசையை மாற்றிக் கறுப்பை முதலில் மாட்டினாள். டீச்சர் பாட்டில் கால்வாசிகூடத் தாங்கவில்லை.

"மன்னிக்கணும். குழந்தைங்க ஊதுற அபஸ்வரத்தையெல்லாம் தாங்குற காதுதான் இது. ஆனா இது முடியல."

ஷிகேமாசா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க குத்துது? கொண்டாங்க இப்படி."

"அப்பா, நீங்க கேக்கக்கூடாதுன்னு பேச்சு."

"என்ன பெரிய பேச்சு? நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

கறுப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். "எங்க குத்துது? பட்டு மாதிரி இருக்கு." கேட்டபடியே கையை நீட்டிக் கைக்குட்டைக்கு அடியில் குமிழைத் திருகினார். "ஏத்தினாலும் பட்டுதான்." இன்னும் திருகினார்.

குராமிட்சு ஹெட்போன்களுக்கு முதுகு திறந்தே இருக்கும். உள்ளே ஓடுவது வெளியே கசியும். தாளத்தட்டின் சீறல் கடை முழுக்கப் பரவியது. முரனாகா கண்பட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். யுசா டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அறையில் எல்லாருக்கும் கேட்டது. அதைத் தலையில் மாட்டியிருந்தவர் மட்டும் முகத்தில் சுருக்கம் இல்லாமல், விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தைப் பார்க்கக் கினுயோவுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாள் மூடி வைத்ததைத் தன் கையாலேயே திறந்து நாலு பேர் நடுவில் வைத்துவிட்டோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

மிவாகோவுக்கும் புரிந்துவிட்டது. அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆச்சரியப்படவில்லை என்பதையும் பார்த்தாள். சட்டென்று குனிந்து பாட்டை நிறுத்தினாள்.

ஷிகேமாசா கண்ணைத் திறந்தார். "ஏன் நிறுத்தின?"

மிவாகோ கைக்குட்டையை எடுத்தாள். "அப்பா இந்தக் குமிழைத் தொடுறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, அம்மா?"

கினுயோவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கோட்டுக்கு மேல."

முரனாகா தாகோயாகி பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு சரியா வைக்கல" என்றாள் மிவாகோ, எல்லாருக்கும் கேட்கும்படி. "அப்பாவோடது சத்தம் கூட இருந்திருக்கு. அதான் குத்தியிருக்கு. இந்த ஒப்பீடு செல்லாது. உங்க ரெண்டு பேரையும் அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுடுங்க." தலை தாழ்த்திக் கும்பிட்டாள்.

ஜெயம் கைக்கு வந்திருந்தது. அவள் அதை மேஜை மேலேயே வைத்துவிட்டாள். அப்பாவின் மானத்துக்கு அதுதான் விலை என்று இருந்தபோது அவள் யோசிக்கவில்லை. ஆனால் விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் பக்கத்தில் வந்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

"கை தவறல. வேணும்னேதான், இல்லையாம்மா?"

"மிவா..."

"என்னை நகோயா அனுப்பத்தான் ஏத்தியிருக்க. நேரா சொல்லியிருந்தா நானே பொட்டி கட்டியிருப்பேன்."

கினுயோ அவள் கையைப் பிடித்தாள். மிவாகோ மெதுவாக விடுவித்துக்கொண்டு, விருந்தாளிகளை வழியனுப்புவதுபோல் அவர்களோடேயே சந்தில் இறங்கிப் போனாள். மேஜையில் சாம்பல் நிற ஹெட்போன் காசு மூட்டையோடு கிடந்தது.

மத்தியானம் முழுக்க அவள் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. ஷிகேமாசா பட்டறையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் ஒரு சத்தமும் இல்லை. கினுயோ இரண்டு தரம் தேநீர் கொண்டுபோய் வைத்தாள், இரண்டு தரமும் ஆறிய கோப்பையை எடுத்து வந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றார். முரனாகா விட்டுப்போன தாகோயாகி யாரும் தொடாமல் சுருங்கிப்போய்விட்டது.

தெருவிளக்கு ஏற்றும் நேரத்தில் அவர் பட்டறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஆம்ப்ளிஃபையரின் குமிழ். பிடுங்கி எடுத்து வந்திருந்தார்.

"நீ இதுல தப்பே பண்ணினது கிடையாது கினு."

"இன்னிக்குப் பண்ணிட்டேன்."

"தப்பு இல்ல. ஏத்தியிருக்க. எனக்காக ஏத்தியிருக்க." குமிழை மேஜையில் வைத்தார். "நான் ஜெயிப்பேன்னு நினைச்சிருந்தா கை வெச்சிருக்க மாட்ட. நான் தோப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கினுயோ இடுப்பில் கட்டிய ஏப்ரனால் ஏற்கெனவே உலர்ந்த கையைத் துடைத்தாள்.

"யுசா டீச்சர் காதைப் பொத்தினதைக் கண்ணைத் திறந்ததும் பார்த்தேன்" என்றார் அவர். "அந்தம்மா மரியாதை தெரிஞ்சவங்க. முடியாமத்தான் பொத்தியிருப்பாங்க. அப்புறம் பட்டறையில போய் உக்காந்து யோசிச்சேன். குக்கர் பீப்னு கூவி நாளாச்சுன்னு நினைச்சேன். துணி துவைக்கிற மெஷினும்தான். எல்லாமா ஒண்ணா ரிப்பேர் ஆகும்?"

"மிவாகோ அப்பா..." என்றாள் கினுயோ.

"இரு."

அலமாரியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தார். சட்டைக்குள் கையை விட்டு அக்குளில் செருகிக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

சந்தில் சைக்கிள் ஒன்று போனது. கினுயோ முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பீப் என்றது. அவள் கண் இமை அசைந்துவிட்டது.

"அடிச்சுடுச்சா?"

ஒரு சின்னப் பொய் போதும். இன்னும் இல்லை என்றால் போதும், இன்றைய ராத்திரி கழிந்துவிடும். அவள் அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சு முடிஞ்சுடுச்சு."

ஷிகேமாசா தெர்மாமீட்டரை வெளியே எடுத்து, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். "காய்ச்சல் இல்ல" என்றார். குரல் அந்த இடத்தில் உடைந்தது. கினுயோ அழுதாள். அவர் அவள் கையை விடவில்லை.

கீழே கடைக்கதவு திறந்தது. படியேறும் சத்தம் வந்தது. அது அவருக்கு நன்றாகவே கேட்டது. மிவாகோ மாடி வாசலில் வந்து நின்றாள். கையில் போன். கண் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றவில்லை.

"நகோயாவுக்குப் பதில் சொல்லிட்டேன்" என்றாள்.

"அது இருக்கட்டும், அப்புறம் சொல்லு" என்றார் ஷிகேமாசா. தெர்மாமீட்டரை அவள் பக்கம் நீட்டினார். "முதல்ல வந்து உக்காரு. உங்கப்பனுக்கு எது எது கேக்காதுன்னு சொல்றேன்."